மலாக்காத் தோட்டங்களில் ஊராட்சியும் பெண் தலைமையும்

மலாக்காத் தமிழர் வரலாறு: பகுதி 14

மலாக்காச் சீன வணிகரான டான் சாய் யான் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கியதையும், அதன்பின் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்ஙா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தமிழர் குடியிருப்புகள் பரவியதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன. அக்குடியிருப்புகளின் பொதுக் காரியங்களை முடிவு செய்தவர்கள் யார், அம்முடிவுகளில் பெண்களுக்கு என்ன பங்கு இருந்தது என்னும் இரு கேள்விகளை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது. தோட்டத் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்களாக இருந்த காலத்திலும் தோட்டத்தின் தலைமை ஆண்களிடமே இருந்தது. பெண்களிடம் ஆற்றல் இல்லாததால் இந்நிலை வரவில்லை. ஊராளும் அமைப்புகள் ஒவ்வொன்றும் அவர்களை விலக்கியே உருவாக்கப்பட்டன. அல்லது அவர்கள் அவற்றை எட்டுவதற்கு முன்பே கலைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர்கள் காட்டிய தலைமையின் அருமையை உணர்வதற்கு இவ்வரலாற்றை அறிவது இன்றியமையாதது.

ஊராக இருந்தும் ஊராகக் கருதப்படாத தோட்டம்

மலாய்க் கிராமம் ஒன்றிற்கு ‘கெத்துவா கம்போங்’ எனப்படும் ஊர்த்தலைவரும், பல கிராமங்களை உள்ளடக்கிய முக்கிம் என்னும் பிரிவிற்குப் ‘பெங்ஹுலு’ எனப்படும் அரசு அலுவலரும் இருந்தனர். தோட்டத்திற்கு இவ்விருவரும் இல்லை. அங்கே பெரிய துரை என்று தொழிலாளர் அழைத்த மேலாளரும், கணக்கையும் பெயர்ப்பதிவையும் கவனித்த கிராணியும், வேலையை மேற்பார்த்த மண்டோரும், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியும் அடுக்கடுக்காக அதிகாரம் செலுத்தினர். தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்கள், தண்ணீர்க் குழாய், பாதை, மருந்தகம், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் சொத்தாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ இருந்தன. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1920-களின் தொழிலாளர் சட்டங்கள் விதித்தபோதும், அப்பள்ளியின் கட்டடமும் ஆசிரியரின் ஊதியமும் பெரும்பாலும் மேலாளரின் மனநிலையைப் பொறுத்தே அமைந்தன.

விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1960-ஆம் ஆண்டு முதல் துன் அப்துல் ரசாக் முன்னின்று நடத்திய, ‘சிவப்புப் புத்தகம்’ என்று பெயர்பெற்ற ஊரக வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நாடெங்கும் சாலை, பாலம், குடிநீர், மண்டபம் ஆகியவை கிராமங்களைச் சென்றடைந்தன. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் அத்திட்டத்திற்கு வெளியே நின்றன. கிராமங்களுக்கு அமைக்கப்பட்ட வளர்ச்சி, பாதுகாப்புக் குழுக்களும், அதாவது மலாய்ச் சுருக்கப் பெயரில் ஜேகேகேகே என்று அறியப்பட்ட அரசு நியமனக் குழுக்களும், மலாய்க் கிராமங்களை மையமாகக் கொண்டே இயங்கின. தோட்டத்து மக்களிடம் குறையிருந்தால் அதை மேலாளரிடம் முறையிடலாமே அன்றி, அரசு அமைத்த எந்த ஊர்க்குழுவிலும் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஆண், பெண் என்னும் வேறுபாடு தொடங்குவதற்கு முன்பே, தோட்டத் தமிழர் அனைவரும் உள்ளாட்சியின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டனர் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தில் வழக்காக வந்த பெண்

தோட்டத்திற்குள் தமிழர் தாமே நடத்திய ஒரே ஆட்சியமைப்பு பஞ்சாயத்து ஆகும். கங்காணிகளும் மூத்த ஆண்களும் கூடி, பெரும்பாலும் மாரியம்மன் கோயிலை ஒட்டிய இடத்தில் அமர்ந்து, சண்டை, கடன், சாதிப்பூசல், குடும்பத் தகராறு ஆகியவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது இதன் வழக்கம். சிறு வழக்குகள் தோட்டத்திற்குள்ளேயே முடிந்துவிடுவதால் வேலை தடைப்படுவதில்லை என்பதால் நிருவாகங்களும் இதனை ஏற்றுக்கொண்டன.

அன்றைய பெண் தொழிலாளியின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால், அப்பஞ்சாயத்தில் அவருக்கு ஏன் இடமில்லை என்பது தெளிவாகும். பொழுது விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று, தமக்கென ஒதுக்கப்பட்ட நிரையில் பல நூறு பால்மரங்களை வெட்டி, வெயில் ஏறியபின் மறுசுற்று வந்து கோப்பைகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, அவற்றைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்கிப் பால் கொட்டகையில் அளந்து ஒப்படைத்தபின்தான் அவர் லயத்திற்குத் திரும்ப முடியும். அதற்குமேல் தண்ணீர், விறகு, துணி, இரவுச் சோறு என்று வீட்டு வேலை தொடரும். ஆண்கள் கூடிப்பேசும் அந்தி வேளை பெண்களுக்கு அடுப்படி வேளையாக இருந்தது. குழாயில் எந்நேரம் தண்ணீர் வரும், எந்த லயத்தில் கூரை ஒழுகும், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் சம்பளப் பணம் கள்ளுக்கடையில் கரைகிறது என்பவை அனைத்தையும் முழுமையாக அறிந்தவர்கள் பெண்களே. ஊரைப் பற்றிய அறிவு அவர்களிடமும் ஊரைப் பற்றிய முடிவு மற்றவர்களிடமும் இருந்ததே தோட்ட வாழ்வின் ஆழமான குறைபாடு.

ஊதியமும் அப்படியே அமைந்தது. 1920-களின் இறுதியில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சட்டமே பெண்ணின் உழைப்பை ஐந்தில் நான்கு பங்காக மதிப்பிட்டபோது, அவருடைய சொல்லுக்குப் பஞ்சாயத்தில் முழு மதிப்புக் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பஞ்சாயத்திற்கு வந்த வழக்குகளில் மணவாழ்வு பற்றியவை முக்கிய இடம்பெற்றன. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஐந்நூறு பேரை எட்டவில்லை. இந்தச் சமமின்மையால் பெண்ணின் மணம், பிரிவு, மறுமணம் ஆகியவை அவரது சொந்த விருப்பமாக இல்லாமல் தோட்டம் முழுவதற்கும் உரிய சிக்கலாக மாறின. அச்சிக்கலில் பெண் தீர்ப்பிடுபவராக அல்லாமல் தீர்ப்பிற்கு உள்ளாகும் பொருளாகவே வைக்கப்பட்டார். மலாக்கா இடம்பெற்றிருந்த நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதன் 498-ஆம் பிரிவு பிறர் மனைவியைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கி, முறையிடும் உரிமையைக் கணவருக்கே உரியதாகக் கருதியது. அப்பெண் தம் விருப்பத்தால் வெளியேறினாரா, அடி தாங்காமல் வெளியேறினாரா என்பது அச்சட்டத்தின் அக்கறையாக இல்லை. விடுதலை பெற்ற மலேசியாவின் தண்டனைச் சட்டத்திலும் தொடர்ந்த இப்பிரிவு, பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 8(2)-ஆம் பிரிவிற்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து அதை நீக்கியது. ‘பால்’ என்னும் அடிப்படை அந்த 8(2)-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டதே 2001-ஆம் ஆண்டில்தான்.

முசுலிம் அல்லாதாரின் மணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி ஒருதார மணத்தை நிலைநாட்டிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வழக்குகள் பஞ்சாயத்தின் கையிலிருந்து பதிவகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் மாறத் தொடங்கியதால், கணவர் வேறொரு பெண்ணை மணப்பதைத் தடுக்கவும் பராமரிப்புப் பணம் கேட்கவும் தோட்டத்துப் பெண்ணுக்கு எழுத்து வடிவிலான சான்று கிடைத்தது.

படையும் சங்கமும் திறந்த வழி

தோட்டத்துப் பெண்களின் துயரம் பொதுக் கோரிக்கையாக ஒலித்த முதற்பெரும் நிகழ்வுகளுள் ஒன்று, 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆகும். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, பெண்களிடம் மேலாளர்களும் அலுவலர்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்னும் இரண்டும் இடம்பெற்றன. இப்போராட்டம் மலாக்காவிற்கு வெளியே நடந்ததாயினும், அதைப் போன்ற சட்டமும் நிருவாக முறையும் நிலவிய மலாக்காத் தோட்டங்களின் நிலையையும் அது எடுத்துரைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் இன்னொரு வாயில் திறந்தது. சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை, கேப்டன் லட்சுமியின் தலைமையில் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாமைத் தொடங்கியது. மலாயாவின் நகரங்களிலிருந்து வந்த படித்த பெண்களோடு இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அதில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் அதில் சேர்ந்து, படையின் துணைத் தளபதியாக உயர்ந்து, பர்மா வரை சென்றார். 1946-ஆம் ஆண்டில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராகிய அவர், பிற்காலத்தில் மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவையிலும் பணியாற்றினார். கங்காணியின் குரலுக்கு அடங்கி நடக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்ட பெண்கள் ஆணையிடவும் அணிநடத்தவும் வல்லவர்கள் என்பதை அப்படை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தது.

போர் முடிந்து தோட்டத்திற்குத் திரும்பிய பெண்களுக்கு அந்த ஆற்றலைச் செலுத்த ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டில் ஐந்து சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் கூலி, வேலைநாள், மருத்துவ வசதி ஆகியவற்றிற்காகப் போராடியது. தோட்டந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி ஏற்பட்டதால், நிருவாகத்தோடு சமமாக அமர்ந்து பேசும் தலைவர் ஒருவர் தொழிலாளருக்குக் கிடைத்தார். ஆயினும் சந்தா செலுத்தியவர்களில் பெண்கள் பெருமளவில் இருந்தும் கமிட்டிப் பொறுப்புகள் பெரும்பாலும் ஆண்களிடமே தங்கின. பஞ்சாயத்து கூடிய அதே அந்தி வேளையில் கமிட்டியும் கூடியதால், பெண்களுக்கு இருந்த பழைய தடை புதிய அமைப்பிலும் தொடர்ந்தது.

வந்து நின்றுபோன உள்ளாட்சித் தேர்தல்

மலாயாவில் உள்ளாட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த உள்ளூர் மன்றச் சட்டம் கிராமங்களுக்கும், கம்யூனிசக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அமைக்க வழிசெய்தது. அதே அவசரகாலத்தில் முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்ட தோட்ட லயங்களுக்கு அத்தகைய மன்றம் கிடைக்கவில்லை. அவை முன்போலவே மேலாளரின் பொறுப்பில் விடப்பட்டன. குடியுரிமைச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. 1955-ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களில் இந்தியர் 5 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்தனர். அத்தேர்தலில் ஹலிமாத்தொன் அப்துல் மஜீத் மலாயாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பெண்களின் அரசியலில் பெரிய தொடக்கமே எனினும், தோட்டத்துத் தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோரிடம் அன்று வாக்குச்சீட்டே இல்லை.

விடுதலைக்குப் பின் குடியுரிமை விரிவடைந்து, தமிழர் வாக்காளராகப் பதிந்துகொண்டிருந்த வேளையில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. உள்ளாட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர், ஜானகி தேவரின் கணவரும் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவருமான அதி நாகப்பன் ஆவார். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி தொடர வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டு 1971-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அவ்வறிக்கையின் மையப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தல் முறையை முற்றாக முடிவிற்குக் கொண்டுவந்தது.

அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திற்கும் தலைவரோடு 8-க்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அவர்கள் உள்ளாட்சிப் பணியில் பரந்த அனுபவமுடையவராகவோ, தொழில், வணிகம் போன்ற துறைகளில் சிறந்து விளங்கியவராகவோ, தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்க வல்லவராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. முதலிரண்டு தகுதிகளும் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிட்டாதவை. மூன்றாவது தகுதி அவரிடம் நிறைந்திருந்தாலும், அது உள்ளதா இல்லையா என்பதை முடிவு செய்பவர்கள் அவரை அறியாதவர்கள். நடைமுறையில் நியமனங்கள் ஆளும் கூட்டணிக் கட்சிகளின் பங்கீட்டின்படி அமைந்ததால், கட்சிக்கிளையில் பதவி வகிக்காத பெண்ணுக்கு மன்றத்தின் கதவு திறக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள் ஆகிய மாநிலத்தின் நான்கு உள்ளாட்சி அமைப்புகளும் இன்றும் இந்த நியமன முறையிலேயே இயங்குகின்றன. தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமும் 2014-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டில் சட்டம் செய்த மாற்றம்

மலாக்காத் தமிழரின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதே காலத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டால், அமைப்பின் வலிமை எத்தகையது என்பது விளங்கும். 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 73-ஆம் திருத்தம், ஊராட்சிகளின் உறுப்பினர், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கேற்ப இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முறையாக ஊராட்சி மன்றத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தனர். 2016-ஆம் ஆண்டில் இவ்வொதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

அந்த நாற்காலி எளிதாக அமைந்துவிடவில்லை. பல ஊர்களில் மனைவியின் பெயரில் கணவர் ஆட்சி நடத்தினார்; பட்டியல் சமூகப் பெண் தலைவர்கள் சில ஊர்களில் நாற்காலியில் அமரவே தடுக்கப்பட்டனர். 1996-ஆம் ஆண்டு நகர்ப்புறத் தேர்தலில் மதுரை மாநகராட்சி உறுப்பினராகத் தேர்வான லீலாவதி, தம் வட்ட மக்களின் குடிநீருக்காகப் போராடியதன் விளைவாக 1997 ஏப்ரலில் கொலை செய்யப்பட்டார். ஆயினும் ஒதுக்கீடு தன் பயனைத் தந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் இராசத்தானிலும் நடத்தி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகள் குடிநீர் போன்று பெண்கள் முதன்மையாகக் கருதும் தேவைகளுக்குக் கூடுதலாகச் செலவிட்டதைக் காட்டியது. தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவர் தண்ணீர்க் கணக்கையும் எழுதும்போது ஊரின் முன்னுரிமை மாறுகிறது என்பதே அவ்வாய்வு உணர்த்தும் செய்தி.

பதவியின்றி வளர்ந்த தலைமை

மலாக்காவில் அத்தகைய சட்டம் இல்லாத நிலையில், பெண்களின் தலைமை ஆட்சி என்று பெயர் பெறாத இடங்களில் வளர்ந்தது. 1970-களிலிருந்து இரப்பர் குறைந்து செம்பனை பெருகியபோது, குலை வெட்டும் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் சென்றது. உதிர்ந்த பழம் பொறுக்குதல், உரம் போடுதல், களைக்கொல்லி தெளித்தல் ஆகியவை பெண்களுக்கு விடப்பட்டன. நாட்டின் பல தோட்டங்களில் மருந்து தெளித்த பெண்களின் உடல்நலக் கேட்டை, ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு 2002-ஆம் ஆண்டில் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. மலேசியாவில் பாராகுவாட் களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் விதிக்கப்பட்ட தடை 2006-ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டில் மீண்டும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தம் நகக்கண் அழுகியதையும் கண் எரிந்ததையும் அஞ்சாமல் எடுத்துச்சொன்ன பெண் தொழிலாளரின் சாட்சியம் இல்லாமல் அந்த நெடும்போராட்டம் நடந்திருக்க முடியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, இளம்பெண்கள் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் தடையற்ற வணிக மண்டலங்களின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். சொந்தச் சம்பளமும் நகரப் பழக்கமும் பெற்ற இத்தலைமுறை, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியபின் பொதுவாழ்வின் புதிய வடிவங்களைக் கற்றுக்கொண்டது. 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ருக்குன் தெத்தாங்கா’ என்னும் அண்டை அயலார் பாதுகாப்புக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் கமிட்டியின் மகளிர் பிரிவு ஆகிய மூன்றும் இவர்களுக்கு நிருவாகப் பயிற்சிக் களங்களாக அமைந்தன.

இவற்றுள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தனிக் கவனத்திற்குரியது. மலாக்கா மாநிலத்தில் இயங்கும் 21 தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டம் மறைந்தபின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்து பள்ளி மூடப்படும் நிலை வரும்போது, வீடு வீடாகச் சென்று முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்ப்பது, பள்ளி வேனுக்கு ஏற்பாடு செய்வது, காலை உணவுக்கு நன்கொடை திரட்டுவது, மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு மலாய்மொழியில் கடிதம் எழுதுவது ஆகியவற்றைப் பெரிதும் தாய்மார்களே செய்கின்றனர். வரவு செலவுத் திட்டம், கூட்டக்குறிப்பு, முறையீடு, அலுவலர்களுடன் பேச்சுவார்த்தை என உள்ளாட்சி உறுப்பினர் ஒருவருக்கு வேண்டிய திறன்கள் அனைத்தும் இப்பணியில் அடங்கியுள்ளன. இத்திறன் பெற்ற பெண்களுக்கு அடுத்த படியாக அமைய வேண்டிய உள்ளாட்சி மன்றம் மட்டும் நியமனத்தின் பின்னால் பூட்டியிருக்கிறது.

இந்த ஒரு நூற்றாண்டுக் கால வரலாறு தரும் முடிவு தெளிவானது. படைமுகாம், வேலைநிறுத்தம், பள்ளிக்கூடம் என்று வாய்ப்புக் கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் மலேசியத் தமிழ்ப் பெண்கள் தலைமைப் பொறுப்பைத் திறம்பட ஏற்றனர். வாய்ப்பு இல்லாத இடங்களில் அவர்களது திறனைப் பற்றி எழுப்பப்பட்ட ஐயம் அடிப்படையற்றது. அதி நாகப்பன் ஆணையம் அரை நூற்றாண்டிற்கு முன் பரிந்துரைத்தவாறு உள்ளாட்சித் தேர்தல் மீள வேண்டும். அம்மன்றங்களில் பெண்களுக்குரிய பங்கு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். எஞ்சியுள்ள தோட்டக் குடியிருப்புகளும் தாமான்களும் கிராமங்களுக்கு இணையாக ஊர்க்குழுவும் நிதியும் பெற வேண்டும். இம்மூன்றும் ஒருசேர நிறைவேறினால்தான், ஊரை நன்கறிந்த பெண்கள் ஊரை ஆளவும் முடியும்.

(தொடரும்)

அடுத்த பகுதி: மலாக்காத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் தோற்றமும் இடப்பெயர்வும்